கீரை ஆய்வு: ஒரு கட்டு ஒரு கைப்பிடி ஆவது குறித்து

அரிசியைக் குறைக்கச் சொல்லி டாக்டர் எழுதித் தராத வீடு இன்று அரிது. சோறு குறைந்த இடத்துக்குக் கீரை வந்து சேர்கிறது. ஆயினும் மாவுச்சத்து குறைந்த, சட்டென்று ஆகும் கீரைப் பொரியல் பற்றி இதுகாறும் முறையான ஆய்வு எதுவும் நிகழவில்லை. இதைத் தேடிப் பார்த்துச் சொல்லவில்லை. எல்லா ஆய்வேடுகளிலும் இரண்டாம் பக்கத்தில் இவ்வரி இருக்கிறது, ஆகவே இங்கும் இருக்கிறது.

ஆய்வெல்லை: காஸ் அடுப்பு முதல் சாப்பாட்டு மேசை வரை. கருதுகோள்: கீரை நல்லது. ஆய்வு முறைகள்: விளக்கமுறை, ஒப்பீட்டு முறை, மாமியாரைக் கேட்கும் முறை.

சோற்றை எடுத்துவிட்டால் தட்டின் ஓரத்தில் இருந்த பொரியல் தானாக நடுவுக்கு நகர்ந்துவிடுகிறது. விளிம்பு மையமாவது பற்றி நம் பேராசிரியர்கள் கருத்தரங்கு கருத்தரங்காகப் பேசிவருகிறார்கள். மதிய உணவு இடைவேளையில்கூட ஒருவரும் தட்டைக் குனிந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

இனி வகைப்பாடு.

கட்டுக்கீரை: அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரை, தண்டுக்கீரை. நான்கும் அமராந்தஸ் என்னும் ஒரே பேரினம். கீரைக்காரம்மா ஈரச்சாக்கின் மேல் அடுக்கி, பேச்சுக்கு நடுவே தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார். வாழைநாரை அவிழ்த்தால் வெளிச்சுற்று பச்சை, நடுவில் மஞ்சள், வேரில் மண். கருத்தரங்க ஆய்வுக்கோவைகளும் இப்படித்தான் கட்டப்படுகின்றன.

உருவுகீரை: முருங்கை, அகத்தி. பின்னதற்குத் துவாதசியன்று மட்டும் மரியாதை.

மருந்துக்கீரை: வல்லாரை, பொன்னாங்கண்ணி, மணத்தக்காளி. சாப்பிடுபவர் முகத்தைப் பார்த்தே இனம் காணலாம்.

அயல்கீரை: பாக் சோய். சூப்பர் மார்க்கெட்டில் விலைச் சீட்டைப் படித்ததும் இப்பகுதிக்கான ஆய்வு நிறைவுற்றது.

அடுத்து, ‘சட்டென்று’ என்பது. சமையல் குறிப்புகளில் வரும் ஐந்து நிமிடம், “ஆய்ந்து, மண் போகக் கழுவி, பொடியாக நறுக்கிய கீரை” என்ற தொடருக்குப் பிறகே தொடங்குகிறது. அந்தப் பெயரெச்சத்துக்குள் ஒரு பெண்மணி முறத்தோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் செலவிட்ட நேரம் எந்தக் கணக்கிலும் ஏறாது (மாமியார், வாய்மொழி).

இப்போது மையச் சிக்கலுக்கு வருவோம். வாணலியில் குவித்த கீரை கரண்டி நுழைய இடமில்லாமல் விளிம்பைத் தாண்டி நிற்கிறது. சற்று நேரத்தில் அடியில் ஒட்டிக்கொண்டு ஒரு கைப்பிடி கிடக்கிறது. மீதி எங்கே போயிற்று? அறிவியலார் சுருக்கமாக முடித்துவிடுகிறார்கள்: நூறு கிராம் பச்சைத் தண்டுக்கீரையில் 90 கிராமுக்கு மேல் தண்ணீர், மாவுச்சத்து ஏறக்குறைய 4 கிராம். சூடு ஏறியதும் செல்கள் தளர்ந்து நீரை விட்டுவிடுகின்றன, இலை படுத்துவிடுகிறது. சரி. ஆனால் இது உப்பை எப்போது போடுவது என்ற கேள்விக்கு விடையாகாது. அறிஞர் உலகம் இங்கேதான் இரண்டாகப் பிளந்து கிடக்கிறது.

முன்னுப்புவாதிகள், கீரை மலையாக இருக்கும்போதே உப்பைத் தூவுவார்கள். உப்பு நீரை இழுக்கும், நீர் கீரையை வேகவைக்கும், தனியாகத் தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்பது அவர்கள் வாதம் (பெரிய நாத்தனார், தொலைபேசி உரையாடல், ஸ்பீக்கரில்). பின்னுப்புவாதிகள் இதை மறுப்பார்கள். மலைக்குப் போட்ட உப்பு கைப்பிடிக்குத் தாங்காது, கண் ஏமாற்றும், சுருங்கிய பிறகு போடு என்பார்கள் (மாமியார், மேலது, குரலை உயர்த்தி). நாத்தனார் இதற்கு எழுதிய மறுப்பு குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வெளியாகி, அன்றிரவே ஆசிரியராலேயே நீக்கப்பட்டது. அதன் ஒரே பிரதி சித்தப்பாவின் செல்போனில் ஸ்கிரீன்ஷாட் வடிவில் இருப்பதாகச் சொல்கிறார்கள், பதிப்பிக்க அவர் இசையவில்லை. இரு தரப்பையும் சமரசம் செய்யும் இடைநிலைப் பள்ளி ஒன்றும் உண்டு: பாதி முன்னே, பாதி பின்னே (மாமனார், ‘எப்படியாவது போடுங்கள்’, செய்தித்தாளை இறக்காமல் சொன்னது, பக்க எண் தெரியவில்லை, விளையாட்டுப் பக்கமாக இருக்கலாம்).

மூன்றாவது அணியான உப்பிலிவாதிகளுக்குத்தான் சங்க இலக்கியச் சான்று இருக்கிறது. புறநானூறு 159ஆம் பாட்டில் பெருஞ்சித்திரனார் தம் வீட்டு நிலையைக் குமணனிடம் சொல்கிறார். குப்பையில் வளர்ந்த கீரை, அதுவும் ஏற்கெனவே கொய்த இடத்தில் மறுபடி துளிர்த்தது. மனைவி அதைக் கொய்துவந்து உப்பில்லாமல் வெறும் நீரில் வேகவைத்து, மோரும் இல்லாமல், சோறு என்ற ஒன்றையே மறந்து தின்கிறாள். சிறுபாணாற்றுப்படையில் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை உப்பின்றி வேகவைத்து, பிறர் பார்த்துவிடக் கூடாதென்று கதவை அடைத்துக்கொண்டு சுற்றத்தோடு உண்கிறார்கள். உரைகாரர்கள் இதையெல்லாம் வறுமை என்று எழுதிவைத்துவிட்டார்கள். தரவுகளை மட்டும் பாருங்கள்: உப்பு இல்லை, சோறு இல்லை, மோர் இல்லை, கீரை மட்டும். இன்றைக்கு இதே அட்டவணையை மாதச் சந்தா வாங்கிக்கொண்டு தருகிறார்கள். ஆகவே மாவுச்சத்துக் குறைப்பு தமிழரிடமிருந்தே உலகுக்குப் போயிற்று என்பது என் துணிபு. பாட்டில் அவள் பசித்தல்லவா இருந்தாள் என்று கேட்பவர்கள், கோட்பாட்டுப் பின்புலம் இல்லாமல் இலக்கியம் வாசிக்கிறவர்கள்.

சான்று காட்டுவது பற்றி ஒரு சிறு குறுக்கீடு. பாலக்கில் இரும்புச்சத்து ஏராளம் என்ற நம்பிக்கை, யாரோ தசமப் புள்ளியை இடம் மாற்றி வைத்ததால் வந்தது என்றொரு கதை உண்டு. ஹாம்ப்ளின் என்ற மருத்துவர் 1981இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இதை எழுதினார். பிறகு எழுதியவர்கள் அவரைச் சான்று காட்டினார்கள், அவர்களை அடுத்தவர்கள் காட்டினார்கள். 2010இல் மைக் சட்டன் என்ற ஆய்வாளர் மூலத்தைத் தேடிப் போனார். புள்ளி நகர்ந்ததற்கு ஆதாரமே அகப்படவில்லை. பிழை பற்றிய கதையே பிழை. ஆய்வாளர்கள் படிக்காமலே மேற்கோள் காட்டும் வழக்கத்துக்கு உதாரணமாக 2014இல் ரெக்டால் என்பவர் இதை வைத்து ஒரு கட்டுரையே எழுதினார். நான் அதைச் சான்று காட்டுகிறேன். எல்லாரும் காட்டுகிறார்கள்.

நிறம் பற்றி. கீரையை மூடி வேகவைக்கக் கூடாது. இலையிலிருந்து வெளிவரும் அமிலம் ஆவியோடு போக வழியில்லாமல் உள்ளேயே நின்றால், பச்சையத்தின் நடுவில் இருக்கும் மக்னீசியம் கழன்று, பச்சை பாசி நிறமாகிவிடும். சோடா உப்பு பச்சையைக் காப்பாற்றும், வைட்டமினைக் காப்பாற்றாது. சில வீடுகளில் ஒரு சிட்டிகை சர்க்கரை போடுவார்கள். மாவுச்சத்துக் குறைப்பு பற்றிய ஆய்வில் இத்தரவு பொருந்தி வராததால் விடப்படுகிறது.

செய்முறை வருமாறு. வாணலியில் நல்லெண்ணெய் ஒரு ஸ்பூன். கடுகு வெடித்ததும் காய்ந்த மிளகாய், தட்டிய பூண்டு நான்கு பல், சின்ன வெங்காயம். வழக்கமான பாசிப்பருப்பு கிடையாது, மாவுச்சத்து அதில்தான் ஒளிந்து வரும். வெங்காயம் வதங்கியதும் கீரையை நீர் வடித்துப் போட்டு, பெரிய தீயில் கிளற வேண்டும். தீ குறைந்தால் கீரை நீர் விட்டுக் கொழகொழக்கும். சுருங்கியதும் உப்பு, ஒரு பிடி தேங்காய்த் துருவல், இறக்கு.

மேலாய்வுக்குரிய களம் ஒன்று உண்டு. மிஞ்சிய தண்டைப் புளிக்குழம்பில் போடுவதா, மாட்டுக்கு வைப்பதா என்பது தனி முனைவர் பட்டத்துக்குரிய பொருள். நெறியாளராக இருக்கச் சொல்லி மாமியாரிடம் விண்ணப்பித்தேன். தமக்குக் கீழ் ஏற்கெனவே ஒரு மாணவி பதிவு செய்திருப்பதாகவும், கல்யாணமான நாள் முதல் அவள் உப்பு அத்தியாயத்தையே தாண்டவில்லை என்றும் சொல்லி மறுத்துவிட்டார்.