கணினி வேந்தரிடம் தூது செல்லும் முறைமை: ஒரு முன்னாய்வு

தூதுக்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே (69) ஒதுக்கியிருக்கிறார். முகம் பார்த்து மனம் அறியும் குறிப்பறிதலுக்கோ இரண்டு: பொருட்பாலில் ஒன்று (71), காமத்துப்பாலில் ஒன்று (110). ஆயினும் முகம் மட்டும் இருந்து மனம் இல்லாத வேந்தரிடம் தூது போவது எப்படி என்று முன்னோர் யாரும் ஆராயவில்லை. அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வெல்லை: 1991இல் சிட் மையர் தொடங்கிவைத்த 'சிவிலைசேஷன்' விளையாட்டு வரிசை. இதில் நாம் ஒரு நாட்டைச் சுற்றுச் சுற்றாக ஆள்வோம். மற்ற நாடுகளைக் கணினி ஆளும். ஆய்வுக்காலம்: வீட்டார் உறங்கிய பின்.

நான்காம் பாகத்தில் (2005) குறிப்பறிதலுக்கு வேலையே இல்லை. ஒரு மன்னரின் பெயர்மேல் மவுஸை வைத்தால் போதும், அவர் நம்மை ஏன் விரும்புகிறார், ஏன் வெறுக்கிறார் என்பது எண்களோடு விரியும். ஒரே மதம், கூட்டல். எல்லை உரசுகிறது, கழித்தல். போருக்குக் கூப்பிட்டு வரவில்லை, அதுவும் கழித்தல். நம்மூர் மொய் நோட்டுகூட இவ்வளவு கறாராக இருந்ததில்லை. ஐந்தாம் பாகம் (2010) வந்த புதிதில் இந்த நோட்டை ஒளித்துவைத்தார்கள். மன்னர்களுக்கு மர்மம் கூடும் என்று எண்ணியிருக்கலாம். ஆடியவர்களுக்கு அவர்கள் வெறும் பைத்தியங்களாகத் தெரிந்தார்கள். பிற்பாடு வந்த திருத்தங்களில் காரணங்கள் மறுபடி திரைக்கு வந்தன.

நால்வகை உபாயங்களில் தானம்தான் மலிவு. ஆறாம் பாகத்தில் (2016) 25 பொன்னுக்கு ஒரு தூதுக்குழு அனுப்பலாம். சந்தித்த சுற்றிலேயே அனுப்பிவிடுவது உத்தமம். தாமதித்தால் அதற்குள் நம் லட்சணம் தெரிந்து மன்னர் திருப்பி அனுப்பிவிடுவார். சாமம் அப்படியல்ல, ஒவ்வொருவருக்கும் ஒரு கிறுக்கு. உலக அதிசயங்களைத் தான் ஒருவரே கட்ட வேண்டும் சீனப் பேரரசர் சின் ஷி ஹுவாங்குக்கு. பிரமிடை நாம் முந்திக்கொண்டு கட்டினால் முகம் கடுக்கும். மேதைகள் நம்மிடம் வந்து சேர்ந்தால் பிரேசிலின் இரண்டாம் பெத்ரோவுக்குப் பொறுக்காது. சமாதானத்துக்காக எதையாவது விட்டுக்கொடுத்தவர் என்றால் ஸ்பார்ட்டாவின் அரசி கோர்கோவுக்கு இளக்காரம். மூவரையும் ஒருசேரக் குளிர்விக்க விரும்பும் நாடு எதையும் கட்டாமல், யாரையும் வளர்க்காமல், எவருக்கும் பணியாமல் இருந்தாக வேண்டும். அது எத்தனையாவது சுற்றில் அழியும் என்பது தனி ஆய்வுக்குரியது.

இவ்வரிசையில் இந்தியாவை ஆளும் காந்தி தொடர்பான பாடபேதம் சற்று விரிவாகப் பேசத்தக்கது. முதல் ஆட்டத்தில் அவருடைய மூர்க்க எண் 1 என்றும், நாடு மக்களாட்சிக்கு மாறியதும் அதில் 2 கழிய, பூஜ்யத்துக்குக் கீழே இறங்க வழியின்றி எண் சுழன்று 255 ஆகி, அண்ணல் அணுகுண்டு வீசத் தொடங்கினார் என்றும் கர்ணபரம்பரைக் கதை உண்டு. அப்படியொரு பிழையே இருந்ததில்லை என்று 2020இல் வெளியான தன்வரலாற்றில் சிட் மையர் மறுத்துவிட்டார். ஆனால் ஐந்தாம் பாகத்தைத் திறந்து பார்த்தால், 10ஐ உச்சமாகக் கொண்ட அளவில் காந்தியின் அணுகுண்டு ஆசை 12! வேடிக்கைக்காக வேண்டுமென்றே வைத்தது. ஆக, மூலத்தில் இல்லாத ஒன்று உரையில் ஏறி, உரையிலிருந்து மூலத்துக்கே குடிவந்துவிட்டது. இடைச்செருகலைப் பற்றித் தமிழாய்வாளர்களுக்குப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது?

எஞ்சுவது வாக்குத் தவறாமை. ஐந்தாம் பாகத்தில் எல்லையோரம் படையைக் குவித்தால் அண்டை மன்னர் திரையில் தோன்றி, என்ன உத்தேசம் என்பார். சொல்லக்கூடிய பதில் இரண்டே: சும்மா இந்தப் பக்கமாகப் போகிறோம், அல்லது, ஆமாம், போர்தான். முதலாவதைச் சொல்லிவிட்டு உடனே பாய்ந்தால் வாக்கு மீறியவர் என்ற பெயர் உலகெங்கும் பரவும். அதுவரை நம்மிடம் மசாலா வாங்கிக்கொண்டிருந்த தூரதேசத்து மன்னரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். எனவே விவரமானவர்கள் படையை எல்லையிலிருந்து தள்ளியே நிறுத்தி, அவர் வாய் திறக்கும் முன்பே போரை அறிவித்துவிடுகிறார்கள். கேட்காத கேள்விக்குப் பொய் சொன்னதாக ஆகாது என்பது அவர்கள் வாதம். மன்னரின் நோட்டிலும் அதற்கென்று தனியாக ஒரு வரி கிடையாது.