ஆறு வினாக்களும் ஒரு தரகரும்

கேள்வி: பெரிய கம்பெனிகளில் ‘என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர்’ என்கிறார்களே, கம்ப்யூட்டருக்கும் கட்டடக் கலைக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: நெருங்கிய சம்பந்தம். ஒரே மாளிகைக்கு உடைமையாளர் மனத்திலுள்ள சித்திரம் வேறு, சிற்பி வரையும் படம் வேறு, கொத்தனார் கையிலுள்ள படம் வேறு என்பதைத் திருஷ்டாந்தமாகக் கொண்டே, ஐ.பி.எம்.மில் பணியாற்றிய ஜான் ஜாக்மன் 1987-இல் தமது பிரசித்தமான வியாசத்தை எழுதி, கம்பெனியின் கம்ப்யூட்டர் அமைப்பைப் பற்றி ‘எது, எப்படி, எங்கே’ என்ற மூன்று வினாக்களை ஒவ்வொருவர் நோக்கிலும் எழுப்பினார். 1992-இல் ஜான் சோவாவுடன் சேர்ந்து ‘யார், எப்போது, ஏன்’ என்பவற்றையும் சேர்த்து அதை விஸ்தரித்தார். (‘ஏன்’ கடைசியில் வந்ததில் எனக்கு வருத்தமே, அதுவன்றோ முதல் வினா!)

இத்தகைய அமைப்பில் மென்பொருள்களை ஒன்றோடொன்று இணைக்கும் விஷயமோ கல்யாணப் பேச்சைப் போன்றது. சம்பளக் கணக்கு, சரக்கிருப்பு, விற்பனை என 20 மென்பொருள்கள், ஒவ்வொன்றும் மற்ற ஒவ்வொன்றோடும் நேரே பேசப் புகுந்தால் 190 தொடர்புகள் வேண்டும். ஒன்றின் பாஷை சற்றே மாறினும் அதனோடு பேசும் 19-ம் தடுமாறும். நடுவே அனைவர் பாஷையும் அறிந்த ஒருவரை அமர்த்தினால் 20 தொடர்புகளே போதும். அந்த மத்தியஸ்த மென்பொருளுக்கு அத்துறையினர் இட்டிருக்கும் நாமதேயமும் ‘தரகர்’ என்பதே.