எட்டுப் பேர், மூன்று கார்

வங்கித் தேர்வுக்கு நான் மூன்று வருடம் படித்ததில் குடும்பத்துக்குக் கிடைத்த ஒரே லாபம், விசேஷங்களுக்குப் போகும்போது யாரை எந்தக் காரில் ஏற்றுவது என்ற பொறுப்பு என்னிடம் வந்ததுதான்.

பிரிலிம்ஸில் அப்போது ரீசனிங்குக்கு 35 கேள்வி, 20 நிமிடம். தப்பாக எழுதினால் கால் மார்க் போய்விடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் பசில். எட்டுப் பேர் மூன்று காரில் போவார்கள். ஏவும் பியும் சேர மாட்டார்கள். சி ஏறினால் டியும் ஏறுவார். அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளுக்கான எல்சாட் தேர்வில் இதற்கென்றே 35 நிமிடப் பகுதி ஒன்று இருந்தது. பாவம் பார்த்து 2024 ஆகஸ்டில் எடுத்துவிட்டார்கள். நம் ஊரில் அந்தக் கருணை இல்லை.

"பிரியாத ஜோடியை முதல்ல முடிச்சுப் போடு. அப்புறம் இடத்தை எண்ணு. நிபந்தனையே இல்லாத ஆளைக் கடைசியில பார்த்துக்கலாம்" என்பார் கோச்சிங் சார். "சி ஏறினால் டி ஏறுவார்" என்பதைத் திருப்பிப் படிக்காதே என்று தலையில் தட்டாத குறை. எனக்கு அதைப் புரியவைத்தது பாட்டியின் வெற்றிலைப் பெட்டிதான். பாட்டி இருக்கும் இடத்தில் பெட்டி இருக்கும். பெட்டி இருக்கும் இடத்திலெல்லாம் பாட்டி இருக்க வேண்டியதில்லை. ஆனால் பெட்டி இல்லையென்றால் பாட்டியும் நிச்சயம் அங்கே இல்லை.

குலதெய்வக் கோயிலில் காதுகுத்து. பெரிய கார் இரண்டிலும் மும்மூன்று பேர், சின்னதில் இரண்டு பேர். மிச்ச இடமெல்லாம் அண்டா குண்டா. நான் பைக்கில் பின்னால் வருவதாக ஏற்பாடு. நிபந்தனை எதுவும் இல்லாவிட்டால் எட்டுப் பேரை இப்படி 560 விதமாக ஏற்றலாம்.

பாட்டியும் அத்தையும் ஒரு ஜோடி: மாத்திரை டப்பா அத்தையிடம். பெரியம்மாவும் சித்தியும் இன்னொரு ஜோடி: ஊர்க்கதை பாதியில் நிற்கிறது. பெரியப்பாவும் சித்தப்பாவும் சேரவே கூடாது: வரப்புத் தகராறில் பேச்சு நின்று ஆறு வருடம். அப்பாவும் மாமாவும் நிபந்தனை இல்லாத ஆத்மாக்கள்.

பாட்டிக்குக் கால் வலி, நெரிசல் ஆகாது. அத்தையோடு சின்னக் கார். அவ்வளவுதான், மற்றதெல்லாம் தானாக விழுந்தது. பெரியம்மா, சித்தி ஜோடி ஒரு பெரிய காரை எடுத்துக்கொண்டால் அதில் மிச்சம் ஒரே இடம். அண்ணன் தம்பியில் ஒருவர் அங்கே உட்கார்ந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த காரில் இருவரும் முட்டிக்கொள்வார்கள். அடுத்த காரில் மற்றவரோடு அப்பாவும் மாமாவும். 560 நாலாகச் சுருங்கிவிட்டது. அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டினேன்.

விடியற்காலை ஐந்து மணிக்குப் பெரியப்பா சின்னக் காரில் ஏறினார். பின்னாலேயே சித்தப்பாவும் ஏறிக் கதவைச் சாத்தினார்.

"பெரியப்பா! உங்க ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தையே இல்லையே?"

"பேசுறதுதான்டா இல்ல. பக்கத்துல உட்காரக் கூடாதுன்னு உனக்கு யாரு சொன்னா? இந்தக் கார்லதான் ஏசி நல்லாயிருக்கு."

கேள்வியில் இல்லாத நிபந்தனையை நீயாகச் சேர்க்காதே என்றும் சார் சொல்லியிருந்தார்.

அந்தத் தேர்வில் ஐந்தாவது விடையாக அடிக்கடி 'கொடுத்த தகவல் போதாது' என்று ஒன்று வரும். நான் அதை ஒருநாளும் தேர்ந்தெடுத்ததில்லை. மூன்று வருடம் ஆனது அதனால்தான் போலிருக்கிறது.