எந்த மாசத்தக் கேக்குற நைனா?

காசிமேட்டில் மீன் விற்கும் அந்த அம்மாளுக்கு அறுபது வயது இருக்கும். வருமானச் சான்றுக்காக இ-சேவை மையத்தில் வந்து உட்கார்ந்தார். கம்ப்யூட்டர் பையனின் முதல் கேள்வியிலேயே வேலை நின்றுபோனது.

"மாச வருமானம் எவ்ளோம்மா?"

"எந்த மாசத்தக் கேக்குற நைனா?"

நியாயமான கேள்விதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மழைக்காலத்தில் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறினால் வருமானம் இறங்கிவிடும். வஞ்சிரம் வந்த வாரம் வீட்டில் பிரியாணி, வராத வாரம் கடன். படிவத்தில் இருந்தது ஒரே ஒரு கட்டம்.

இத்தனை பாடும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டைக்காக. 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகப் பிறந்தது. 2012-ல் ஜெயலலிதா ஆட்சியில் பெயர் மாறியது. 2018-ல் ஆயுஷ்மான் பாரத்தோடு சம்பந்தம் வைத்துக்கொண்டு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை என்று வளர்ந்தது. ஆட்சி மாறினால் பேருந்தின் நிறமே மாறும் ஊரில் இந்த அட்டை தப்பிப் பிழைத்ததைப் பாராட்டத்தான் வேண்டும்.

வருமான வரம்பு முன்பு ஆண்டுக்கு 72,000 ரூபாய், அதாவது மாதம் 6,000. அது இருந்தவரை ராயபுரம் முதல் எண்ணூர் வரை அட்டை கேட்டுப் போன எவரும் அதற்கு மேல் சம்பாதித்ததாகத் தாளில் ஆதாரமில்லை. 2022 ஜனவரியில் வரம்பு 1,20,000 ஆனது. ஊரே ஒரே நாளில் வசதியாகிவிட்டது! கன்டெய்னர் லாரி ஓட்டும் மகனும் தையல் கம்பெனிக்குப் போகும் மருமகளும் நிஜக் கணக்கைச் சொன்னால் மாதம் 10,000 எப்போதோ தாண்டியிருக்கும். அதே வீட்டில் ஒருவருக்கு இதயத்தில் ஆபரேஷன் என்றால் மொத்தச் சம்பளமும் மூலைக்குக் காணாது. ஆகவே கட்டத்தை நிரப்பும்போது மட்டும் குரல் தானாகத் தாழ்கிறது. அதைக் குற்றம் சொல்ல இந்தக் கட்டுரைக்கு மனமில்லை. வரம்பை வைத்தவர்கள் இங்கே ஒரு மாதம் வாடகை கட்டிப் பார்க்கட்டும்.

அடுத்த சிக்கல், குடும்பம் என்றால் யார்? அதை ரேஷன் கார்டுதான் தீர்மானிக்கிறது. மருமகள் வந்து குழந்தையும் பிறந்தாயிற்று. பெயர் மட்டும் இன்னும் பிறந்த வீட்டு கார்டில். சோறு இங்கே, அரிசி அங்கே.

பிறகு கைரேகை. நாற்பது வருஷம் செதில் சீவிய கட்டைவிரலில் ரேகையைத் தேடினால் அரிவாள்மனை வெட்டுதான் கிடைக்கும். புடவையில் துடைத்தார், தலையில் தேய்த்தார், ஊதிப் பார்த்தார். இயந்திரம் சிவப்பு விளக்கை அணைக்கவில்லை.

"நல்லா அழுத்தி வைம்மா."

"இதுக்கு மேல அழுத்துனா உன் மிசினு ஒடஞ்சிடும், பரவால்லியா?"

ஒருவழியாக இடதுகை மோதிரவிரல் அவரை இன்னார் என்று ஒப்புக்கொண்டது.

திருவொற்றியூர், எண்ணூர்க்காரர்களுக்கு முன்பு கூடுதலாக ஒரு கூத்து இருந்தது. 2011 முதல் அவர்கள் சென்னை மாநகராட்சிக்குள் வந்துவிட்டார்கள். ஆனால் 2018-ல் சென்னை மாவட்டம் விரிவாகும்வரை வருவாய்த் துறைக் கணக்கில் திருவள்ளூர் மாவட்டம். வரி இங்கே, அட்டைக்குப் பதிவு செய்யும் கலெக்டர் ஆபீஸ் அங்கே. இப்போது பீச் ஸ்டேஷனில் இறங்கினால் ராஜாஜி சாலையில் சிங்காரவேலர் மாளிகை, அதாவது சென்னை கலெக்டர் ஆபீஸ். 1923-ல் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடிய சிங்காரவேலரும் மீனவக் குடும்பத்துப் பிள்ளைதான்.

அட்டை வந்தால் எல்லாவற்றுக்கும் செல்லும் என்று நினைத்துவிடக் கூடாது. சளி, காய்ச்சலுக்கு டாக்டர் ஃபீஸ் தரமாட்டார்கள். பட்டியலில் உள்ள ஆபரேஷனுக்கும் சிகிச்சைக்கும்தான் செல்லும். "ஸ்டான்லியில எல்லாம் ஃப்ரீதானே, அங்க எதுக்கு அட்டை கேக்குறாங்க?" என்று பழைய வண்ணாரப்பேட்டையில் சந்தேகப்படுபவர்கள் உண்டு. அங்கே நடக்கும் சிகிச்சைக்கான காப்பீட்டுப் பணம் அந்த அரசு ஆஸ்பத்திரிக்கே போய்ச் சேரும். கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

பிரீமியத்தை அரசே கட்டுகிறது. அட்டைக்குக் காசு இல்லை. "கொஞ்சம் செலவாகும்" என்று யாராவது காதோரம் வந்தால் நகர்ந்துவிடுங்கள். சந்தேகமிருந்தால் கட்டணமில்லாத் தொலைபேசி 1800 425 3993. அதற்கு முன், யாரும் ஆஸ்பத்திரியில் படுப்பதற்குள், மருமகள் பெயரை ரேஷன் கார்டில் சேர்த்துவிடுங்கள்.