மருமகன் வீட்டு விசேஷம்

கலிஃபோர்னியாவின் இங்கிள்வுட் நகரில் 60 ஏக்கரில் கடை போட வால்மார்ட்டுக்கு ஆசை. நகரசபை பிடிகொடுக்கவில்லை. அதனால் மக்கள் மேல் நம்பிக்கை பிறந்தது. கையெழுத்து திரட்டி, 71 பக்கத் தீர்மானம் ஒன்றைப் பொது வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்தது. சுற்றுச்சூழல் ஆய்வு வேண்டாம், போக்குவரத்து ஆய்வு வேண்டாம், பொது விசாரணையும் வேண்டாம். பின்னாளில் ஏதாவது திருத்த நினைத்தால் மட்டும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். மக்களாட்சி ஒருமுறை போதும், அதற்குமேல் உடம்புக்கு ஆகாது என்கிற அக்கறை!

பிரசாரத்துக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் செலவு. தேவாலயக்காரர்களும் தொழிற்சங்கத்தினரும் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். 2004 ஏப்ரலில் ஊரில் வாக்களித்தவர்களில் சுமார் 60 சதவீதம் பேர் கடை வேண்டாம் என்றார்கள்.

நிலம் மட்டும் அங்கேயே கிடந்தது. 2014-இல் அதை வாங்கியவர் அமெரிக்கக் கால்பந்து அணி முதலாளி ஸ்டான் குரோன்கி. அவர் மனைவி, வால்மார்ட் நிறுவனர் சாம் வால்டனின் தம்பி மகள். அதே ஆண்டு மாநில உச்ச நீதிமன்றம், இப்படிக் கையெழுத்தோடு வரும் தீர்மானத்தை நகரசபை, பொது வாக்கெடுப்பும் சுற்றுச்சூழல் ஆய்வும் இல்லாமலே ஏற்கலாம் என்றது. வழக்கு? சொனோரா ஊரில் ஒரு வால்மார்ட் விரிவாக்கம்.

2015 பிப்ரவரியில் இங்கிள்வுட் நகரசபை, கையெழுத்தோடு வந்த குரோன்கியின் விளையாட்டரங்கத் திட்டத்தை 5-0 என்று அப்படியே ஏற்றது. கடை வந்தால் நெரிசலாகும் என்று பயந்த ஊரில் இப்போது 70,000 இருக்கைகள். கார் நிறுத்தக் கட்டணம் தனி.