கடல் கொள்ளைக்காரனுக்குக் கடைமடை மாமன் சொல்ற புத்தி

மாப்ளே, உன் மவன் பொறந்தநாளுக்குக் 'கடல் கொள்ளையர் தீம்' வைக்கப்போறேன்னு நீ சொன்னதும் எனக்குப் பெருமை தாங்கல. நம்ம வம்சத்துல ஒருத்தனாவது துணிஞ்சு ஒரு தொழிலுக்கு வர்றானேன்னு. அப்புறம்தான் சொன்ன, சென்னையிலேருந்து ஆளுங்க வந்து தெர்மாகோல்ல கப்பல் கட்டுவாங்க, கறுப்புக் கொடி நடுவாங்க, விளையாட்டையும் அவங்களே நடத்துவாங்கன்னு. அந்தத் தெர்மாகோல்காரன் கேட்ட ரேட்டையும் சொன்ன பாரு, அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு. வேஷம் உன் மவனுக்கு, தொழில் அவனுக்கு.

சரி, அவன் என்னென்ன விளையாட்டு வச்சிருக்கான்னு கேட்டேன். கண்ணைக் கட்டிக்கிட்டுப் படத்துல இருக்கிற கொள்ளைக்காரனுக்கு ஒத்தக்கண் பட்டை ஒட்டணும். பலூனைப் பீரங்கிக் குண்டுன்னு எறியணும். தரையில நீலத் துணியை விரிச்சு, மேல ஒரு பலகையைப் போட்டு நடக்கணும். கடைசியில புதையல்னு சொல்லி, புள்ளைக்கு ஒரு பை வீதம் வரிசையில நிக்கவச்சுக் குடுக்கணும். ஏண்டா, வரிசையில நிக்கவச்சுப் பேரைக் கூப்பிட்டுக் கையில குடுத்தா அதுக்குப் பேரு கொள்ளையா? புயல் நிவாரணம். ரேஷன் கார்டு ஜெராக்ஸ் கேக்கலையேன்னு வேணா சந்தோசப்பட்டுக்க.

மாமன் சொல்றதை மட்டும் மனசுல வச்சுக்க. கொள்ளைக்கார விளையாட்டுல ருசியே ஒளிக்கிறதுலயும் தேடுறதுலயும்தான் இருக்கு. பெரியவன் கையால குடுத்தா அது செத்துப்போவும். இதுக்கு நீ சென்னை வரைக்கும் போவவும் வேணாம், கொள்ளைக்காரனை வெளிநாட்டுலேருந்து வரவழைக்கவும் வேணாம். நம்ம பக்கத்துக் கடல்லயே வேண்டிய மட்டும் இருந்தானுங்க.

தரங்கம்பாடிக் கோட்டைக்குப் புள்ளைங்களைக் கூட்டிட்டுப் போய் செல்ஃபி எடுத்தியே, அங்க இருந்தவன் யாருன்னு சொன்னியா? டென்மார்க்காரன். 1620-ல தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர்கிட்ட ஒப்பந்தம் போட்டு, மிளகு வியாபாரம்னு வந்து உக்காந்தான். வியாபாரம் படுத்துச்சு. 1642-லேருந்து வங்காளத்து மொகலாயர் மேல சண்டைன்னு அறிவிச்சுட்டு, அந்தப் பக்கத்துக் கப்பலையெல்லாம் புடிக்க ஆரம்பிச்சான். சண்டை 1698 வரைக்கும் இழுத்துச்சு. கணக்குல அதுக்குப் பேரு போர். சரக்கைப் பறிகுடுத்தவனைக் கேட்டா வேற பேரு சொல்லுவான்.

அதே 1698-ல, கேப்டன் கிட்டுன்னு ஒருத்தன். உலகத்துப் புதையல் கதைக்கெல்லாம் அவன்தான் மூலப்புருசன். அவன் பெருசா புடிச்ச கப்பல் எங்க மாட்டுச்சு தெரியுமா? நம்ம கொச்சிக் கடல் பக்கம். உள்ள என்ன, பொன்னா, வைரமா? பெரும்பாலும் பட்டும் மஸ்லின் துணியும் சர்க்கரையும். தீபாவளி ஜவுளியை அள்ளிட்டு ஓடியிருக்கான். அப்புறம் அமெரிக்கா பக்கம் ஒரு தீவுல கொஞ்சத்தைப் புதைச்சான். கவர்னர் ஆள்விட்டுத் தோண்டி எடுத்து, அதையே சாட்சியா லண்டனுக்கு அனுப்பிட்டான். 1701-ல தூக்கு. புதைச்சவன் கதை இப்படி. படத்துல சிவப்புக் குறி போட்டுப் புதையல் தேடுற சங்கதியெல்லாம் 1883-ல வந்த 'ட்ரெஷர் ஐலண்ட்' கதைப்புத்தகம் பரப்பினது. பலகையில நடக்கவிட்டுக் கடல்ல தள்றதும் நெசத்துல நடந்ததைவிடக் கதையில நடந்ததுதான் அதிகம். தள்ளணும்னு முடிவு பண்ணினவன் எதுக்குடா பலகையைத் தேடப்போறான்?

இவனுங்களையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டவர் நம்ம திருமங்கையாழ்வார். சிரிக்காத. கோயில் திருப்பணிக்காக வழிப்பறி பண்ணினவர்னு வைணவருங்களே கொண்டாடுறாங்க. பெருமாளையே மறிச்சு நகையைக் கழட்டச் சொன்னதை இன்னிக்கும் பங்குனியில திருநகரிப் பக்கம் வேடுபறின்னு நடத்துறாங்க. அவரு கப்பல் கொள்ளை கதை கேட்டிருக்கியா? பாக்கு ஏத்திட்டு வந்த கப்பல்ல ஏறினாராம். வியாபாரிகிட்ட ஒரு கொட்டைப் பாக்கை வாங்கி, ரெண்டா ஒடைச்சு, பாதியைத் திருப்பிக் குடுத்து, "கரை சேந்ததும் இந்தக் கப்பல்ல பாதிப் பாக்கு தர்றேன்னு எழுதிக் குடு"ன்னாராம். ஒடைச்ச பாக்குதானேன்னு அவனும் எழுதிக் குடுத்தான். கரை வந்ததும் சரக்குல பாதியைக் கேட்டு வாங்கிட்டாருன்னு சொல்லுவாங்க. கத்தி இல்ல, பீரங்கி இல்ல, ஒரு துண்டு ஓலை. இந்தக் கதையை விட்டுட்டு சினிமாக் கொள்ளைக்காரன் ஜாக் ஸ்பாரோவுக்குத் தாடி ஒட்டப் போறியா?

வெண்ணெய் திருடினவனைப் பல்லக்குல வச்சு, அவன் மேல வெண்ணெயை வீசி வெண்ணெய்த்தாழி கொண்டாடுற மன்னார்குடி நம்மளுக்குப் பக்கம். திருடனுக்கு இவ்வளவு மரியாதை குடுக்கிற சீமையில பொறந்துட்டு, வாடகைக்குத் திருடன் தேடுறியே!

இப்ப விளையாட்டுக்கு வர்றேன். காதைத் தீட்டிக்க.

முதல்ல கடல் வேணும். பொறந்தநாள் வைகாசியில. மேட்டூர் அணையை ஜூன் 12-ல தொறந்தாலும் நம்ம கடைமடைக்குத் தண்ணி வந்து சேர நாள் புடிக்கும். அதனால வீட்டுக்குப் பின்னாடி வாய்க்கா காஞ்சுதான் கெடக்கும். அதான் உன் கடல். குறுக்க ஒரு தென்னமரத்தைப் போடு, அடியில வைக்கோலை முழங்கால் ஒசரத்துக்குப் பரப்பு. செருப்பைக் கழட்டிட்டு ஒவ்வொருத்தனா நடக்கட்டும். விழுந்தவன் வைக்கோலுக்குள்ளேருந்து தலையை நீட்டுறப்ப ஊரே சிரிக்கும். நீலத் துணியில விழுந்தா யாரு சிரிப்பா? ஒரு சங்கதி, முன்னாடியே நீ எறங்கிக் கண்ணாடித் துண்டு, கருவேல முள்ளு கெடக்கான்னு பாத்துடு. அந்த வேலைக்கு மட்டும் நீ தேவை.

பீரங்கிக் குண்டுக்குப் பலூன் ஊதி நெஞ்சு வலி வரவச்சுக்காத. தோப்புல உதுந்து கெடக்கிற குரும்பையைக் கூடையில பொறுக்கச் சொல்லு. கொட்டாங்கச்சியை அடுக்கி வச்சா எதிரிக் கப்பல். கோட்டுக்கு அந்தண்டையிலேருந்து எறியட்டும். நுங்கு காலம், தின்ன கூந்தலை வீசாம குச்சியைக் கோத்தா வண்டி ஆச்சு. கவைக் கம்பால தள்ளிக்கிட்டுக் கப்பற்படை கெளம்பிடும்.

அடுத்தது புதையல். இதை நிதானமாக் கேளு, ஏன்னா உன் பொஞ்சாதிக்கும் தெரியும், நீதான் மறந்துட்ட. கிச்சுக் கிச்சுத் தாம்பாளம். மணலை ஒரு மொழம் நீளத்துக்குக் கரையாக் குவிக்கணும். ஒருத்தன் சின்னக் குச்சியை விரலுக்குள்ள மறைச்சுக்கிட்டு, மணலுக்குள்ள கையை விட்டு அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் போய் வருவான். எங்க விட்டான்னு அவன் முகத்துல தெரியக்கூடாது, அதான் வித்தை. எதிராளி ரெண்டு கையையும் கோத்து ஒரு எடத்துல பொத்தணும். அதுக்கடியில குச்சி இருந்தா அவன் கெலிச்சான். இல்லேன்னாத்தான் நெசமான கூத்து. தோத்தவன் ரெண்டு உள்ளங்கையிலயும் மணலை நெரப்பி, நடுவுல குச்சியை நட்டு, பின்னாலேருந்து கண்ணைப் பொத்தி நடத்திட்டுப் போவணும். மாட்டுக் கொட்டாயைச் சுத்தி, அடிபம்பைச் சுத்தி, தலை சுத்துற அளவுக்குச் சுத்தவிட்டு, ஒரு மூலையில கொட்டச் சொல்லி, திரும்ப அதே வழியில கூட்டியாந்து கண்ணைத் தொறந்துவிடணும். இப்ப அவன் கொட்டின புதையலை அவனே கண்டுபுடிக்கணும். காலுக்கடியில தட்டுப்பட்ட சாணி, மூக்குல ஏறின வைக்கோல் வாசனை, காதுல விழுந்த அடிபம்புச் சத்தம், இதுதான் அவனுக்கு வரைபடம். எந்தக் கப்பல்காரன்கிட்டயும் இப்படி ஒரு படம் இருந்திருக்காது.

காயிதத்துலதான் படம் வேணும்னு புள்ளைங்க அடம் புடிச்சா, விடுகதையா எழுதிப் போடு. "கையை அமுக்கினா வாயால அழுவான்"னா அடிபம்பு. "நெல்லு போன மலையை மாடு தின்னு கரைக்கும்"னா வைக்கோல்போரு. அங்க ஒரு பித்தளைச் சொம்பு, சொம்புக்குள்ள தேன்மிட்டாயும் கமர்கட்டும். பதில் தெரியலைன்னு உன்கிட்ட வந்து நிப்பாங்க. சொல்லித் தொலைக்காத.

இன்னொண்ணு, இது நம்ம ஊருக்கே சொந்தம். 1930-ல ராஜாஜி உப்பெடுக்கத் திருச்சியிலேருந்து வேதாரண்யத்துக்கு நடந்தாரே, திருத்துறைப்பூண்டி வழியாத்தான் போனாங்க. ஏப்ரல் 13 கெளம்பி, 28 போய்ச் சேந்து, 30-ல உப்பெடுத்தாங்க. கலெக்டர் தோர்ன் தொரை, நடக்கிறவங்களுக்குச் சோறு போட்டாலோ எடம் குடுத்தாலோ செயில்னு உத்தரவு போட்டான். சனம் என்ன செஞ்சுது? சாப்பாட்டுப் பொட்டலத்தை ரோட்டோர மரக் கெளையில கட்டித் தொங்கவிட்டுச்சு. ஆத்தங்கரையில அண்டா அண்டாவா ஒளிச்சு வச்சு, எங்க இருக்குன்னு சாடை காட்டுச்சு. ஒளிச்சவனும் சட்டத்தை மீறினான், தேடித் தின்னவனும் சட்டத்தை மீறினான். தஞ்சாவூர் ஜில்லாவே கூடி நடத்தின புதையல் வேட்டைடா அது.

அதையே வச்சு விளையாட விடு. பாதிப் புள்ளைங்க பொட்டலம் கட்டித் தோப்புக்குள்ள ஒளிக்கணும், மீதிப் புள்ளைங்க அவங்க காட்டுற சாடையைப் பாத்துத் தேடணும். வாயைத் தொறந்தா ஆட்டம் காலி. தோர்ன் தொரை நீதான். தொப்பியை மாட்டிக்கிட்டு, கம்பைத் தட்டிக்கிட்டுச் சுத்திச் சுத்தி வரணும், ஒரு பொட்டலமும் உன் கண்ணுல படக்கூடாது. இந்த விருந்துல பெரியவனுக்கு ஒதுக்கின வேஷம் அது ஒண்ணுதான், ஏமாறுறவன். உனக்கு ஒத்திகைகூடத் தேவைப்படாது, தெர்மாகோல்காரன்கிட்ட நல்லாவே பழகிட்ட.

சண்டை வரும், வரட்டும். அதுக்கும் கொள்ளைக்காரனுங்க வழி வச்சிருந்தானுங்க. 1722-ல செத்த பார்த்தலோமியூ ராபர்ட்ஸ்னு ஒருத்தன் கப்பல்ல எழுதின சட்டமே இருந்துச்சு. ஆளுக்கு ஒரு ஓட்டு. கப்பல்ல அடிச்சுக்கக் கூடாது, வம்பு இருந்தா கரையில எறங்கித் தீத்துக்கணும். சீட்டு, தாயம் காசுக்கு ஆடக் கூடாது. ராத்திரி எட்டு மணிக்கு விளக்கை அணைக்கணும். உன் அம்மா போடுற சட்டம் மாதிரியே இருக்கா? கேப்டனுக்கு ரெண்டு பங்கு, பீரங்கிக்காரனுக்கு ஒண்ணரை, அதுக்கும் கீழ படிப்படியாக் கொறையும்.

உன் புள்ளைங்களும் முதல்ல உக்காந்து இப்படி ஒரு சட்டம் எழுதட்டும். கேப்டனை ஓட்டுப் போட்டு எடுக்கட்டும். பொறந்தநாள்னா கேப்டன் பதவி தானா வந்துடும்னு உன் மவனுக்கு ஆசை காட்டிடாத. தோத்தா அழுவான். அரை மணி நேரத்துல ஆளைச் சேத்துக்கிட்டு கேப்டனைக் கவுக்கப் பாப்பான், அப்பத்தான் உனக்குப் பேரு சொல்ற புள்ளைன்னு நான் ஒத்துப்பேன். பங்கு பிரிக்கிறப்ப மட்டும் யாரும் பக்கத்துல போவாதீங்க. பத்துப் புள்ளைங்க பதினாலு கமர்கட்டைத் தகராறு இல்லாமப் பிரிச்சு முடிச்சாங்கன்னா, ஒங்க அப்பன் வீட்டுப் பாகப்பிரிவினைக்கு அவங்களையே பஞ்சாயத்துக்குக் கூப்பிடலாம்.

இவ்வளவு யோசனைக்கும் மாமன் கூலி கேக்கமாட்டேன். 'இந்தப் பந்தியில பாதிப் பாயசம் மாமனுக்கு'ன்னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு, போதும். பாதி டம்ளருதானேன்னு நெனச்சுப் போட்டுடு.