சொன்னதை மாற்றுவோர் இயல்: லிஸனிங் தேர்வு குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுப் பரப்பு: 1989 முதல் நடந்துவரும் ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் திறன் தேர்வின் லிஸனிங் பிரிவு. 4 பகுதிகள், 40 வினாக்கள், சுமார் 30 நிமிட ஒலிப்பதிவு. ஒரே முறைதான் ஒலிக்கும், "என்ன சொன்னீங்க?" என்று கேட்க வழியில்லை.

கருதுகோள்: இவ்வுலகில் பேசுவோர் முதலில் சொன்னதில் நிற்பதில்லை.

சான்று: முதற்பகுதியில் ஒருவர் வாடகை வீட்டுக்காகப் போன் செய்கிறார். செவ்வாய்க்கிழமை பார்க்க வருவதாகச் சொல்கிறார். தேர்வர் பூரித்து எழுதுகிறார். மறுகணமே, "அடடா, அன்னைக்கு வேலை இருக்கே, புதன் வச்சுக்கலாமா?" என்கிறார். தேர்வர் அழித்துவிட்டு 'வெட்னெஸ்டே' எழுதுகிறார். அதில் ஒலிக்காத 'டி'யை விட்டால் மதிப்பெண்ணும் போயிற்று. அதற்குள் தொலைபேசி எண் வந்துவிடும். அதில் வரும் 'ஓ' சுழியமா வியப்பா என்று தெளிவதற்குள் தெருப்பெயர் கடந்துவிடும்.

தேர்வர் மூவகையர். காதில் விழுந்த முதல் எண்ணை எழுதிவிட்டு நிம்மதியாக இருப்பவர் முந்துவோர். ஏழாம் விடை போயிற்றே என்று வருந்தி எட்டையும் ஒன்பதையும் உடன் அனுப்புபவர் துக்கம் காப்போர். 'இரண்டு சொற்களுக்கு மேல் வேண்டாம்' என்ற இடத்தில் எல்லாம் சரியாகக் கேட்டும் 'தி' சேர்த்து மூன்றாக்கித் தோற்பவர் தாராளர்.

தடை: தினமும் பிபிசி செய்தி கேட்டால் போதாதா?

விடை: போதாது. பிரிட்டன், ஆஸ்திரேலியா என உச்சரிப்பு பலவகை என்பது ஒருபுறம். முக்கியமாக, செய்தி வாசிப்பவர் பிரதமர் பெயரைச் சொல்லிவிட்டு, "இல்லையில்லை, அவர் போன மாசமே மாறிட்டார்" என்று திருத்துவதில்லை.

பரிந்துரை: தகுந்த பயிற்சியாளர் பெரும்பாலும் வீட்டிலேயே இருப்பார். சித்தப்பாவிடம் கல்யாண மண்டபத்துக்கு வழி கேட்க வேண்டும். "பெரிய அரசமரம் வரும், லெஃப்ட்ல திரும்பு... மரத்தை வெட்டிட்டாங்களோ? சரி, பெட்ரோல் பங்க் தாண்டி ரைட்டு." இரண்டாம் பகுதியில் வரும் வரைபட வினாவுக்கு இதைவிடச் சிறந்த பாடம் இல்லை. அவர் பேசி முடிக்கும்வரை பேனாவைத் தாளில் ஊன்றாதிருத்தலே கற்க வேண்டிய கலை. ஃபீஸ் கிடையாது, காபியும் கிடைக்கும்.

இம்முறையில் ஒரே குறை, சித்தப்பா கேட்காமலே இரண்டாம் முறையும் சொல்வார். அப்போது மண்டபமே வேறாக இருக்கும்.